வெல்னஸ் பேக்கேஜுக்குப் பணம் கட்டும் முன் எனக்கு யாராவது சொல்லியிருக்கலாம்

மன அழுத்தம் குறைய வேண்டும் என்று ஒரு வெல்னஸ் சென்டரில் 54,000 ரூபாய் கட்டினேன். அதற்கு மேல் கேப்சூல், பொடி, டெஸ்ட் என்று இன்னொரு 19,000. போகும்போது தூக்கமின்மையும் தாடை வலியும்தான் இருந்தன. சில வாரங்களில் கை நடுக்கமும் நெஞ்சுப் படபடப்பும் சேர்ந்துகொண்டன. அதிலிருந்து என்னை வெளியே கொண்டுவந்தவை பெரும்பாலும் இலவசமாகவோ சொற்பச் செலவிலோ கிடைத்த விஷயங்கள். வீட்டில் சொன்னால் பயந்துவிடுவார்கள், ஆபீசில் சொன்னால் வேலைக்கு லாயக்கில்லை என்று நினைப்பார்கள் என்று அத்தனையையும் தனியாகவே சுமந்தேன். அந்தச் சமயத்தில் விவரம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசியிருந்தால் பாதிக் கஷ்டம் மிச்சமாகியிருக்கும். அதனால்தான் இதை விலாவாரியாக எழுதுகிறேன்.

எனக்குத் திருப்பூர். பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். பையருக்கும் ஃபேக்டரிக்கும் நடுவில் நிற்கிற வேலை. லேப் டிப், அதாவது துணிக்கான சாய நிற மாதிரிக்கு, அப்ரூவல் வரவில்லை என்றால் டையிங் நிற்கும், டையிங் நின்றால் கட்டிங் நிற்கும். தேதி தவறினால் கப்பலில் போக வேண்டிய சரக்கு விமானத்தில் போகும், அந்தச் செலவு யார் தலையில் என்று பேச்சு வரும். அமெரிக்கப் பையர் என்றால் நேர வித்தியாசம் வேறு. நியூயார்க்கில் காலை 10 மணிக்கு அவர்கள் மெயில் அனுப்பினால் இங்கே கோடையில் இரவு 7.30, குளிர்காலத்தில் 8.30. நாம் ஓயும் நேரத்தில்தான் அவர்களுடைய நாளே தொடங்குகிறது. 2025 ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்கா நம் சரக்குக்கான கூடுதல் வரியை 50 சதவீதமாக்கியதும் ஓடிக்கொண்டிருந்த ஆர்டர்கள் ஹோல்டில் போயின. போட்ட விலையில் டிஸ்கவுண்ட் கேட்டார்கள். லைனில் உட்கார்ந்திருக்கும் டெய்லர்கள் என்னைப் பார்த்ததும், "அக்கா, அடுத்த வாரம் வேலை இருக்குங்களா?" என்று கேட்பார்கள். அவர்களுக்குச் சொல்ல என்னிடம் பதில் இருக்காது. அந்தக் கேள்வி வீட்டுக்கு வந்த பிறகும் காதில் ஓடிக்கொண்டே இருக்கும்.

உடம்பு அதற்கு முன்பிருந்தே சொல்லிக்கொண்டுதான் இருந்தது. விடிகாலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும், அப்புறம் தூக்கம் வராது. தாடை வலிக்கிறது என்று பல் டாக்டரிடம் போனபோது, கையில் கண்ணாடியைக் கொடுத்துக் கடைவாய்ப் பற்களைக் காட்டினார். மேடும் பள்ளமுமாக இருக்க வேண்டிய இடம் வழவழவென்று தேய்ந்து தட்டையாகியிருந்தது. "தூக்கத்துல பல்லைக் கடிக்கிறீங்கம்மா. ரொம்ப டென்ஷனா?" என்றார். பிறகு ஒருநாள் நெஞ்சை அழுத்தியது. இசிஜி, டிரெட்மில் எல்லாம் எடுத்துப் பார்த்து இதயத்தில் ஒன்றும் இல்லை என்றார்கள். "டென்ஷனைக் குறைங்க" என்பதோடு முடிந்தது. எப்படிக் குறைப்பது என்று கேட்க வாய் வரவில்லை, வெளியே அடுத்த டோக்கன் கூப்பிட்டுவிட்டார்கள். அந்த 'எப்படி'க்குப் பதில் சொல்கிறேன் என்று வருகிறவர்களிடம்தான் நாம் போய்ச் சேருகிறோம்.

இங்கேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நெஞ்சு வலியை டென்ஷன் என்று நாமாக முடிவு செய்யக் கூடாது, இசிஜி எடுத்துத்தான் ஆக வேண்டும். அதோடு ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, பி12 இவற்றையும் பார்த்துவிட வேண்டும். ரத்தசோகையும் தைராய்டு கோளாறும் மன அழுத்தத்தின் முகத்தோடே வரும். அதே அசதி, அதே படபடப்பு, அதே எரிச்சல். எனக்குத் தைராய்டு சுரப்பு குறைவு, பல வருடமாகத் தைராக்சின் மாத்திரை எடுத்துக்கொள்கிறேன். கதையின் முக்கியமான முடிச்சு அதுதான்.

சென்டர் கோவைப் பக்கம். உள்ளே நுழைந்ததும் வெட்டிவேர் வாசனை, மெல்லிய வீணை, இஞ்சியும் எலுமிச்சையும் போட்ட தண்ணீர். எத்தனையோ நாளுக்குப் பிறகு ஒருவர் என்னை உட்கார வைத்து நிதானமாகப் பேசினார். அந்த நிம்மதிக்கே கண் கலங்கிவிட்டது. படிவத்தில் 'உங்கள் இலக்கு என்ன?' என்று கேட்டிருந்தார்கள். ராத்திரி முழுசாகத் தூங்க வேண்டும் என்று ஒரே வரி எழுதினேன். திரும்பி வரும்போது என் கையில் ஒரு ஃபைல் இருந்தது. காலை 4.30க்கு எழ வேண்டும், 10,000 அடி நடக்க வேண்டும், ஒரு மணி நேரம் யோகா, அப்புறம் தியானம், மூன்று லிட்டர் தண்ணீர், சர்க்கரை கூடாது, காபி கூடாது, ஏழு மணிக்கு மேல் சாப்பாடு கூடாது, நன்றி டைரி எழுத வேண்டும், மூன்று மாதத்தில் எட்டு கிலோ குறைய வேண்டும். எல்லாம் முதல் நாளிலிருந்தே. செய்ததை ஆப்பில் டிக் அடிக்க வேண்டும். ராத்திரி ஒன்பது மணிக்குக் கோச்சிடமிருந்து மெசேஜ் வரும்: "இன்னைக்கு ரெண்டு மிஸ் ஆயிருக்கு மேடம்." தேதி தவறிய ஷிப்மெண்டுக்குப் பையரிடம் விளக்கம் சொல்வது போல அவரிடமும் தினமும் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். காபியைப் பட்டென்று நிறுத்தியதில் முதல் வாரம் முழுக்க மண்டையைப் பிளக்கும் தலைவலி. காபி, டீயை விடுவது என்றால் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும் என்பதை அங்கே யாரும் சொல்லவில்லை.

இலக்குகளைப் பற்றி இப்போது நிறைய யோசிக்கிறேன். 10,000 அடி என்ற கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். டோக்கியோ ஒலிம்பிக் முடிந்த மறுவருடம், 1965இல், ஜப்பானில் ஒரு கம்பெனி நடையை எண்ணும் கருவியை விற்கக் கொண்டுவந்த எண் அது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி. ஐந்து நாள், அரை மணி நேர வேக நடை, அவ்வளவுதான். அதே மாதிரி 'எட்டு மணி நேரம் தூங்குவேன்' என்று இலக்கு வைத்துக்கொண்டால் நடக்காது. தூக்கம் நாம் உத்தரவு போட்டு வருவதில்லை. ஃபோனை ஹாலில் வைத்துவிட்டு 10.30க்கு விளக்கை அணைப்பேன் என்பதுதான் நம் கையில் இருக்கிற காரியம். எட்டு கிலோ குறைவதும் நம் கையில் இல்லை, இரவு ஒரு தோசையைக் குறைப்பது நம் கையில் இருக்கிறது. ஏற்கெனவே நொந்துபோயிருக்கிற ஒருவருக்கு ஒரே நேரத்தில் பத்துப் பழக்கத்தைக் கொடுத்தால், எதைச் செய்யவில்லை என்ற குற்ற உணர்ச்சிதான் மிஞ்சும். எனக்கு அதுதான் நடந்தது.

இரண்டாவது மாதம் ரத்தத்தில் கார்ட்டிசால் பார்த்தார்கள். மன அழுத்தத்தின்போது அட்ரினல் சுரப்பியிலிருந்து வரும் ஹார்மோன் அது. ரிப்போர்ட்டில் அச்சிட்டிருந்த அளவுக்குள்தான் எண் இருந்தது. இருந்தாலும் 'அட்ரினல் சோர்வு' என்று சொல்லி ஒரு கேப்சூலைக் கொடுத்தார்கள். கார்ட்டிசால் காலையில் உச்சத்தில் இருக்கும், நள்ளிரவில் அடிமட்டத்துக்கு இறங்கும். நாள் முழுக்க ஏறி இறங்குகிற அதை ஒருமுறை எடுத்துப் பார்த்து நீண்டகால மன அழுத்தத்தை அளக்க முடியாது. அட்ரினல் சோர்வு என்ற பெயரில் ஒரு நோயை ஹார்மோன் நிபுணர்கள் ஏற்றுக்கொள்வதும் இல்லை. இதெல்லாம் பின்னால் டாக்டர் சொல்லித் தெரிந்துகொண்டது. என் படிவத்தில் தைராய்டு மாத்திரை பற்றி எழுதியிருந்தேன். கேப்சூல் கொடுக்கும்போது அந்தப் பக்கத்தை யாரும் திருப்பிப் பார்க்கவில்லை.

கொஞ்ச நாளில் உடம்பு ஒரு மாதிரி ஆனது. ஏசி அறையிலேயே வியர்க்கும். படி ஏறாமலே நெஞ்சு தடதடக்கும். எடை மளமளவென்று இறங்கியது, கோச் வாழ்த்துச் சொன்னார். ஒருநாள் காலை அத்தைக்குக் காபி ஆற்றிக் கொடுக்கும்போது டம்ளரும் டபராவும் இடித்துக் கிணுகிணுவென்று சத்தம் கேட்டது. என் கைதான் நடுங்கிக்கொண்டிருந்தது. "ஏன் கண்ணு, கை இப்படி நடுங்குது? மொதல்ல டாக்டரைப் பாரு சாமி" என்றார். கோச்சைக் கேட்டேன். "உடம்புல இருக்கிற கழிவெல்லாம் வெளிய போகுது மேடம், நல்ல அறிகுறி" என்று பதில் வந்தது. எனக்கு அத்தையின் பேச்சுதான் சரி என்று பட்டது. புதிதாக வந்த ஒரு தொந்தரவை 'நல்ல அறிகுறி' என்று ஒருவர் சொன்னால், அது யாராக இருந்தாலும், அன்றைக்கே கொடுத்ததை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள்.

ஹார்மோன் டாக்டர் நாடியைப் பிடித்தார், இரண்டு கையையும் நீட்டச் சொல்லி விரல்கள் மேல் ஒரு தாளை வைத்தார். தாள் படபடத்தது. டிஎஸ்எச் என்பது உடம்பில் தைராய்டு ஹார்மோன் கூடினால் இறங்குகிற ஓர் அளவு, சாதாரணமாக 0.4லிருந்து 4 வரை இருக்கும். எனக்கு அந்த அளவுக்கெல்லாம் வெகு கீழே போயிருந்தது, அதாவது உடம்பில் தைராய்டு ஹார்மோன் அதிகமாகிவிட்டது. "மாத்திரை தவிர வேற பொடி, கஷாயம், கேப்சூல் ஏதாவது சாப்பிடறீங்களாம்மா?" என்று கேட்டார். பையிலிருந்து டப்பாவை எடுத்துக் கொடுத்தேன். முன்பக்கம் பெரிய எழுத்தில் ஸ்ட்ரெஸ் ரிலீஃப். பின்பக்கம் பொடி எழுத்தில் அசுவகந்தா சாறு, நம் சித்த மருத்துவத்தில் அமுக்கரா என்பது. அது சிலருக்குத் தைராய்டு ஹார்மோனை ஏற்றிவிடும், தைராக்சினும் கூடச் சேர்ந்தால் இப்படி ஆகலாம், இது மாதிரி நோயாளிகளைப் பற்றி மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள் என்றார். அரிதாகக் கல்லீரல் பாதித்தவர்களும் உண்டாம். டென்மார்க் 2023இல் அதைத் தடையே செய்திருக்கிறது. கேப்சூலை நிறுத்தி, சில வாரம் கழித்துத் திரும்ப டெஸ்ட் எடுத்ததில் அளவு பழையபடி வந்தது. அந்தச் சில வாரம் நான் பட்ட பயம் கொஞ்சமல்ல. நம் உடம்பை நம்மாலேயே நம்ப முடியாத நிலை அது.

அமுக்கராவை நான் குறை சொல்லவில்லை. எத்தனையோ தலைமுறையாக நம் வைத்தியர்கள் கையாண்ட மருந்து. யாருக்கு, எவ்வளவு, கூட வேறு என்ன மாத்திரை ஓடுகிறது என்று பார்த்துக் கொடுப்பதுதான் வைத்தியம். அதனால் கொடுப்பவர் யார் என்று தயங்காமல் கேளுங்கள். சித்த மருத்துவர் என்றால் பி.எஸ்.எம்.எஸ்., ஆயுர்வேதம் என்றால் பி.ஏ.எம்.எஸ்., யோகா இயற்கை மருத்துவம் என்றால் பி.என்.ஒய்.எஸ். படித்துப் பதிவு செய்திருக்க வேண்டும். என் கோச் ஏதோ சில வார ஆன்லைன் சான்றிதழ் படித்தவர். டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். மருந்தாகத் தயாரித்தது என்றால் மருந்து உரிம எண் இருக்கும். 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண் மட்டும் இருந்தால் அதை உணவுப் பொருளாகத்தான் விற்கிறார்கள் என்று பொருள். தைராய்டு, சர்க்கரை, பிரஷர் மாத்திரை எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் எந்த மூலிகை கேப்சூலையும் தங்கள் டாக்டரிடம் காட்டாமல் தொட வேண்டாம். முடி வளர என்று பயோட்டின் சாப்பிடுகிறவர்கள் அதையும் சொல்லிவிடுங்கள், அது தைராய்டு டெஸ்டின் எண்ணையே மாற்றிக் காட்டிவிடும். நான் இப்போது எந்த டாக்டரிடம் போனாலும் சாப்பிடும் டப்பா அத்தனையையும் ஒரு கவரில் போட்டு எடுத்துப் போகிறேன்.

பணம் திரும்பக் கேட்டபோது, 'கட்டிய தொகை எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது' என்ற வரியைக் காட்டினார்கள். லேப் ரிப்போர்ட், டாக்டர் சீட்டு, கோச்சின் மெசேஜ்கள் எல்லாவற்றையும் இணைத்துப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பினேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இலும் புகாரைப் பதிந்தேன். கடைசியில் பயன்படுத்தாத காலத்துக்கு என்று 18,000 ரூபாய் வந்தது. மீதி போனதுதான். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறவர்களுக்கு ஒரு விவரம்: 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய சேவைக்குப் புகார்க் கட்டணம் கிடையாது, பிரச்சினை நடந்து இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். முடிந்தால் மொத்தத் தொகையை முன்கூட்டியே கட்டாதீர்கள், மாதாமாதம் கட்டுங்கள். ரசீதும் மெசேஜும் அழியாமல் இருக்கட்டும்.

சரி, அப்புறம் எதுதான் உதவியது? அரசு மருத்துவமனைகள் பலவற்றில் யோகா, இயற்கை மருத்துவப் பிரிவு இருக்கிறது. சென்னை அரும்பாக்கத்தில் இதற்கென்றே அரசுக் கல்லூரியும் மருத்துவமனையும் 2000ஆம் ஆண்டிலிருந்து நடக்கின்றன. ஓபி சீட்டு போட்டுக்கொண்டு போனேன். அந்த இளம் டாக்டர் முதலில் கேட்டது என் மாத்திரைகளைப் பற்றி. படபடப்பு அடங்கும் வரை மூச்சை வேகவேகமாக வெளியே தள்ளும் கபாலபாதி வேண்டாம், மூச்சை அடக்கவும் வேண்டாம் என்றார். கற்றுக்கொடுத்தது மிகச் சின்னப் பயிற்சி. மூக்கால் நான்கு எண்ணி மூச்சை இழுப்பது, ஆறு எண்ணி மெதுவாக விடுவது. நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். மூச்சை வெளியே விடும்போது இதயத் துடிப்பு தானாகக் கொஞ்சம் தணியும், அதனால் விடும் நேரத்தை நீட்டுகிறோம் என்று காரணமும் சொன்னார். ஐந்து நிமிடம் போதும்.

தாடைக்கு வேறொன்று. எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் நூறு வருடத்துக்கு முன் வகுத்த தசைத் தளர்வுப் பயிற்சி. பாதத்திலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு தசையாகச் சில நொடி இறுக்கி, சட்டென்று தளரவிட்டுக்கொண்டே முகம் வரை வர வேண்டும். இறுக்கம் எப்படி இருக்கும் என்று உடம்புக்கே தெரிந்த பிறகுதான் தளர்த்த வருகிறது. நான் பகலிலும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் மெயில் அடிக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. உதடு சேர்ந்திருக்கலாம், மேல் பல்லும் கீழ்ப் பல்லும் தொடக் கூடாது என்று பல் டாக்டர் சொல்லியிருந்தார். ஆபீஸ் மானிட்டரின் ஓரத்தில் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டி வைத்தேன். கண்ணில் படும்போதெல்லாம் தாடையைத் தொங்கவிடுவேன். இரவில் போட்டுக்கொள்ள ஒரு பல் கவசமும் செய்து வாங்கினேன். தாடை வலி பாதியாகக் குறைந்தது இதில்தான்.

இலக்கு என்று இப்போது வைத்திருப்பது இரண்டுதான். ஸ்கூட்டியை ஸ்டாண்ட் போட்டதும் உள்ளே போவதற்கு முன் அந்த மூச்சுப் பயிற்சி. இரவு 10.30க்கு ஃபோன் ஹாலில். ஷிப்மெண்ட் நாளிலும் செய்ய முடியுமா என்று பார்த்துத்தான் இவற்றைத் தேர்ந்தெடுத்தேன். ஒருநாள் விட்டுப்போனால் மறுநாள் செய்வேன், அதற்குக் கணக்கு எழுதுவதில்லை. இவை பழகிய பிறகுதான் நடையைச் சேர்த்தேன். ஞாயிறு காலை ஊத்துக்குளி ரோட்டில் நஞ்சராயன் குளத்துப் பக்கம் போவோம். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களைக் கொண்ட ராம்சார் பட்டியலில் 2024இல் சேர்ந்த பறவைகள் சரணாலயம் அது, சாயப்பட்டறை ஊரில் இப்படி ஒரு இடம் என்று எனக்குத் தனிப் பெருமை உண்டு. வந்ததும் எண்ணெய்க் குளியல். அத்தை உச்சந்தலையில் நல்லெண்ணெயை வைத்துத் தேய்த்துவிடுவார். கையெல்லாம் எண்ணெய் என்பதால் ஒரு மணி நேரம் ஃபோனைத் தொட முடியாது. அந்த ஒரு மணி நேரம்தான் வாரத்தில் எனக்குப் பிடித்த நேரம்.

மூன்று மணி விழிப்பு பிஸியான வாரங்களில் இன்னும் வருகிறது. முன்பு போல் புரண்டுகொண்டிருப்பதில்லை. இருபது நிமிடம் போலத் தூக்கம் வரவில்லை என்றால் எழுந்து ஹாலில் மங்கலான வெளிச்சத்தில் உட்கார்வேன், கண் சொக்கினால் திரும்பப் படுப்பேன். மறுநாள் வேலை மண்டைக்குள் ஓடாமல் இருக்க, சாயங்காலமே எல்லாக் கவலையையும் ஒரு நோட்டில் எழுதி, பக்கத்தில் அடுத்து என்ன செய்வது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

இத்தனையும் செய்தாலும், எல்லாவற்றையும் விட அதிக நிம்மதி தந்தது கம்பெனி எம்டியிடம் பேசியதுதான். "சார், யூஎஸ் மெயிலை நான் ஒருத்தியே தினமும் ராத்திரி பார்க்க முடியாதுங்க. ரெண்டு பேர் மாத்தி மாத்திப் பார்க்கறோம். அவசரம்னா மட்டும் கால் பண்ணச் சொல்லுங்க" என்று கேட்டேன். உடனே ஒத்துக்கொள்ளவில்லை. டிலேயான ஆர்டர்களில் எத்தனை ராத்திரி மெயிலால் ஆனவை, எத்தனை டையிங் தாமதத்தால் ஆனவை என்று எடுத்துக் காட்டிய பிறகு சரி என்றார். சென்டரில் என் நாக்கை, நகத்தை, எடையை எல்லாம் பார்த்தார்கள். ராத்திரி எத்தனை மணி வரை வேலை செய்கிறீர்கள், வீட்டில் யார் கைகொடுக்கிறார்கள், கடன் ஏதாவது இருக்கிறதா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. முழு மனிதரையும் பார்க்கிறோம் என்று சொல்லும் இடம் இதைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

கடைசியாக, 14416. மத்திய அரசின் டெலி மானஸ் எண், 2022 அக்டோபரில் தொடங்கியது. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். படபடப்பு உச்சத்தில் இருந்த ஒரு ராத்திரி கூப்பிட்டேன். எதிர்முனையில் இருந்த பெண் அவசரப்படாமல் கேட்டார், நான் அழுது முடிக்கும் வரை காத்திருந்தார், பிறகு மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்குப் போகச் சொன்னார். அங்கே ஆலோசகரிடம் பேசியதுதான் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொல்லும் தைரியத்தைக் கொடுத்தது. எதிலும் ஆர்வம் இல்லாமல், மனசு இருண்டே இரண்டு வாரத்துக்கு மேல் போகிறது என்றால் மூச்சுப் பயிற்சியோடு நிறுத்தாமல் மனநல டாக்டரைப் பாருங்கள். செத்துவிடலாம் என்ற எண்ணம் ஒருமுறை எட்டிப் பார்த்தாலும் அந்த நிமிடமே இந்த எண்ணைக் கூப்பிடுங்கள், பக்கத்தில் யாரையாவது வைத்துக்கொள்ளுங்கள். செலவுக்குப் பயந்து தள்ளிப்போடுகிறவர்களுக்கு இன்னொன்று: 2017 மனநலச் சட்டப்படி உடல் நோய்க்குத் தரும் அதே அடிப்படையில் மனநோய்க்கும் இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் காப்பீடு தர வேண்டும். உங்கள் பாலிசியில் அது எப்படி இருக்கிறது என்று ஏஜெண்டிடம் எழுத்தில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.